உடைந்ததற்கு மட்டும்

ஜீப் ஷெட்டுக்குள் நுழைந்த சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. இடது பின்பக்கத்திலிருந்து ஒரு 'டக்'. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இன்னொரு 'டக்'. கையிலிருந்த டீயைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஓட்டி வந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. மலை உச்சியில் நிற்கும் செல்போன் கோபுரத்துக்கு ஜெனரேட்டர்தான் உயிர். அந்த ஜெனரேட்டருக்கு வாரம் இரண்டு முறை டீசல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போவது இவன் வேலை. மேலே போகிற பாதைக்குக் கம்பெனி வரைபடத்தில் சாலை என்று பெயர். நேரில் போய்ப் பார்த்தால் பாதி பாறை, பாதி பள்ளம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும்.

"எத்தனை நாளாடா இந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம் மாமா?"

"காதுல பாட்டை மாட்டிக்கிட்டு ஓட்டினா எந்தச் சத்தம் கேக்கும்? எறங்கு கீழ."

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார்கள். ஒரு சக்கரத்துக்கு ஆறு போல்ட். கம்பெனிக் காகிதங்களில் அதற்கு 'ஸ்டட்' என்று பெயர். ஷெட்டில் எல்லோருக்கும் அது போல்ட்டுதான். சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருப்பது அந்த ஆறும், அவற்றின் மேல் ஏறும் ஆறு நட்டுகளும் மட்டுமே. மெக்கானிக் நாலாவது நட்டில் ஸ்பேனரை வைத்ததும், இறுக்கமே இல்லாமல், பாதி போல்ட்டோடு சேர்ந்து அது கையோடு வந்தது.

போல்ட்டின் உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முக்கால்வாசி பழுப்புத் துரு. ஓரத்தில் நகக்கண் அளவுக்குத்தான் புது உடைப்பின் பளபளப்பு.

"இது இன்னிக்கு உடைஞ்சது இல்லடா. மாசக்கணக்கா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. இந்த ஓரம் மட்டும்தான் உன்னைத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கு."

"நான் அவ்வளவு கனம் இல்லையே மாமா. போன மாசம்கூட ரெண்டு கிலோ எளைச்சேன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரு புது நட்டை எடுத்து, மீதி ஐந்து போல்ட்டுகளிலும் ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தார். நல்ல போல்ட்டில் நட்டு விரல் தள்ளுகிற தள்ளிலேயே அடிவரை ஓட வேண்டும். இவற்றில், ஐந்திலும், பாதி வழியில் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்று உடைந்ததும் அதன் சுமையும் மற்றவற்றின் தலையில் விழுந்து, மரையெல்லாம் இழுபட்டுப் போயிருக்கிறது. ஒன்று உடைந்தால் ஆறையும் மாற்று என்பது இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த கணக்கு. அதில் யோசிக்க எதுவும் இல்லை.

யோசிக்க வேண்டியதெல்லாம் ஸ்டோரில் இருந்தது.

ஸ்டோர் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை: 'உடைந்ததற்கு மட்டும்.' அதன் கீழே, கைகளைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் ஒருங்கிணைப்பாளரின் வண்ணப்படம். படம் எடுத்த அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது கழிவறைச் சுவரை என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக இருந்ததாம். உடைந்த பொருள் ஒன்றைக் கொடுத்தால் புதிய பொருள் ஒன்று. அதுதான் அவர் கொண்டுவந்த திட்டம். பெயர் 'பூஜ்ய வீண்.' அதற்காகத் தலைமை அலுவலகம் அவருக்கு ஒரு கண்ணாடிக் கோப்பையும் ஒரு நீளமான பதவியும் கொடுத்தது. ஷெட் கொடுத்தது 'பூஜ்யம்' என்ற பெயரை.

"ஆறு போல்ட்டு வேணும்," என்றார் மெக்கானிக்.

"உடைஞ்சது எத்தனை?" என்றார் ஸ்டோர் கீப்பர், தலையைத் தூக்காமல்.

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணு."

"மத்த அஞ்சும் உடையற நிலைமையில இருக்குய்யா."

"உடையட்டும், கொண்டாங்க. நான் எங்க ஓடியா போகப்போறேன்? நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"நாளைக்குக் காலையில வண்டி மலைக்குப் போகுது. ஓட்டறவன் என் மச்சினன்."

ஸ்டோர் கீப்பர் இப்போது தலையைத் தூக்கினார். கெட்ட மனிதர் இல்லை. மாதக் கடைசியில் தட்டில் கிடக்கும் உடைசல்களும் வெளியே போன புதுசுகளும் ஒன்றுக்கொன்று சரியாக வர வேண்டும், வராவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான். "எனக்குப் புரியுது அண்ணே. என் கையில என்ன இருக்கு? மேல போய்க் கேளுங்க."

மேலே என்பது முதல் மாடி. ஒருங்கிணைப்பாளரின் கதவில் 'வாகன வளங்கள், வீண்தவிர்ப்பு மற்றும் தொடர் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர்' என்று பித்தளைப் பலகை. அது கதவுக்குள் அடங்காமல், கைப்பிடியைக் கழற்றி ஒரு முழம் கீழே இறக்க வேண்டியிருந்தது. இறக்கி மாட்டியவர் மெக்கானிக்தான். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகிற எவரும் லேசாகக் குனிந்துதான் போக முடியும்.

குனிந்து போனார். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணியின் மேல், ஷெட்டின் ஒரே டார்க் ரெஞ்ச் படுத்திருந்தது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு ஆனதும் 'க்ளிக்' என்று சொல்லிவிடுகிற கருவி. பயன்படுத்தினால் அளவு தவறும், அளவு தவறினால் அதோடு வந்த சான்றிதழ் செல்லாது என்பதால், வாங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூட 'க்ளிக்' சொன்னதில்லை. வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டப்படும்.

மெக்கானிக் உடைந்த துண்டை மேசைமேல் வைத்தார். ஒருங்கிணைப்பாளர் அதன் அடியில் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார், மேசையில் கறை படாமல் இருக்க.

"சொல்லுங்க."

சொன்னார். துருவைக் காட்டினார், நட்டு பாதியில் நிற்பதைச் சொன்னார், மலையைச் சொன்னார்.

"நீங்க உணர்ச்சிவசப்பட்டுப் பேசறீங்க. எனக்குத் தரவு வேணும். ஒரு போல்ட் உடைஞ்சா அது தரவு. உடையப்போகுதுங்கறது அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கெல்லாம் ஸ்டோரைத் தொறக்க முடியாது."

"மலைமேல வச்சு உடைஞ்சா சார்?"

"அப்ப அதுவும் தரவு ஆயிடும்." சொன்ன வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், குறிப்பேட்டை இழுத்து அதை எழுதிக்கொண்டார்.

மெக்கானிக் ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டினார். "உங்க ஜீப்பும் இதே மாடல்தான் சார். டவுனுக்குள்ளதானே ஓடுது. அதுல இருந்து ஒரு அஞ்சு போல்ட்டு கழட்டிக்கிட்டா..."

ஒருங்கிணைப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். சிரித்து முடித்ததும், "காலையில ஏழு மணிக்கு வண்டி கேட்டைத் தாண்டணும். கோபுரத்துல நாளை மத்தியானம் வரைக்கும்தான் டீசல் இருக்கு," என்றார்.

படியிறங்கி வரும்போது மெக்கானிக்குக்கு வந்தது கோபம்கூட இல்லை, பிடிவாதம். ஷெட்டுக்கு வந்து, பெரிய சம்மட்டியை எடுத்தார்.

"என்ன மாமா, பூஜ்யத்தைப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றான் மச்சினன்.

"தரவு வேணுமாம். தயார் பண்ணிக் குடுத்துருவோம்."

மணி மூன்றரை. சக்கரம் மாட்டுகிற ஹப்பிலிருந்து ஐந்து போல்ட்டுகளையும் பின்பக்கமாகத் தட்டி வெளியே எடுத்தார். முதலாவதை வைஸின் இரும்புத் தாடையில் கடித்துவைத்து இரண்டு அடி. உடைந்து பறந்துபோய் டின்னில் விழுந்தது. உள்ளே பாதி துரு, விரிசல் இருந்திருக்கிறது. இரண்டாவதுக்கு ஒரே அடி போதும் என்றாகிவிட்டது. மச்சினன் கைதட்டினான். "இப்படியே போனா டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுரும்."

மூன்றாவது உடையவில்லை. வளைந்தது. திருப்பிப் பிடித்து அடித்தார். அந்தப் பக்கம் வளைந்தது. நாலாவதும் அப்படியே, ஐந்தாவதும் அப்படியே. மரை இழுபட்டிருந்தாலும் உள்ளே விரிசல் விழாத இரும்பு. அதற்கு உடையத் தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, பத்து, பதினைந்து, இருபது என்று அடித்தார். சம்மட்டி துள்ளித் துள்ளித் தோளில் உதைத்தது.

"ரம்பம் போட்டு அறுத்துடலாமே மாமா."

"அறுத்தா பல்லு தெரியும். மேல இருக்கறவன் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பான்."

மணி நான்காக ஐந்து நிமிடம். உடைந்த மூன்றையும் வளைந்த மூன்றையும் துணியில் அள்ளிக்கொண்டு ஓடினார். ஐம்பது வயதுக்காரர் போல்ட்டு மூட்டையோடு ஓடுவதை முதல் மாடி ஜன்னலிலிருந்து யாராவது பார்த்திருந்தால் அதுவும் ஒரு தரவு ஆகியிருக்கும்.

ஸ்டோர் கீப்பர் மூன்றை எடுத்துத் தட்டில் போட்டார். மூன்று புதியவற்றை நகர்த்தினார். மற்ற மூன்றை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். "இது வளைஞ்சிருக்கு."

"ஆமா."

"வளைஞ்சது உடைஞ்சது இல்லையே அண்ணே."

"இதை வச்சு என்னய்யா பண்ண முடியும்? பல்லுகூட குத்த முடியாது."

"என்கிட்ட 'உடைஞ்சது'ன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. 'வளைஞ்சது'ன்னு கட்டம் இல்ல. கட்டம் இருந்தா போட்டுக்க மாட்டேனா?" குரல் உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வருத்தத்தோடேயே ஜன்னல் கதவை இறக்கினார். மணி நான்கு.

சத்தம் கேட்டு ஒருங்கிணைப்பாளர் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வளைந்த போல்ட் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "நிமிர்த்தி மாட்டுங்களேன். நிமிர்த்தறதும் ஒரு மேம்பாடுதானே."

"வளைச்சு நிமிர்த்தின போல்ட்டு தாங்காது சார். எப்ப வேணா போகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட வேண்டாம்." கோபமே இல்லாமல் சொன்னார். "உங்க கையெழுத்து இல்லாட்டியும் வண்டி போகும். ஆனா டிரைவருக்கு ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கிற பட்டியல் என் மேசையில இருக்கு. அவருக்குக் கல்யாணம் வேற பேசிக்கிட்டு இருக்கறதா கேள்விப்பட்டேன்."

ஷெட்டுக்குத் திரும்பியபோது மச்சினன் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தான். மெக்கானிக் வளைந்த மூன்றையும் வைஸில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, சூடுகாட்டாமல், நிமிர்த்தினார். புதிது ஒன்று, பழையது ஒன்று என்று மாற்றி மாற்றி ஹப்பில் ஏற்றினார். சக்கரத்தை மாட்டி, எதிரெதிராக நட்டுகளை இறுக்கினார். கைக்குத் தெரிந்த இறுக்கம். பழைய மூன்றில் நட்டு ஏறும்போது கிறீச்சிட்டது. பராமரிப்புத் தாளில் 'ஆறு போல்ட்டுகளும் சரிபார்க்கப்பட்டன' என்ற வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். சரிபார்த்தது உண்மைதான்.

"டேய், நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"போன மாசம்தான் வயித்துவலின்னு சொன்னேன். காய்ச்சலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு மாமா."

"வெளையாட்டு இல்லடா. பாதி பீப்பாய் மட்டும் ஏத்து. அடிவாரத்துல நிறுத்தி நட்டெல்லாம் ஒரு தடவை இறுக்கிப் பாரு. பாட்டு கேக்காதே. அந்தச் சத்தம் வந்தா அங்கேயே நிறுத்திட்டு எனக்குப் போன் போடு. எந்தக் கோபுரம் எப்படிப் போனா நமக்கென்ன."

"நீங்க மாட்டின சக்கரம் என்னிக்கு மாமா கழண்டிருக்கு?" என்றான் அவன். அதைச் சொல்லி முடிக்கும்போது ஒரு பீப்பாயில் தாளம் தட்டினான்.

மறுநாள் அவன் பாதி பீப்பாய்தான் ஏற்றினான். அடிவாரத்தில் நிறுத்தி இறுக்கவும் செய்தான். அங்கிருந்த டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். பாட்டும் கேட்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு மூன்றாவது வளைவில் இடது பின்சக்கரம் வண்டியை விட்டுத் தனியாகப் பள்ளத்தை நோக்கி ஓடியது. வண்டி அதன் பின்னால் போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து ஒரு பாறையில் மோதி நின்றது. நின்ற வேகத்தில் ஒரு பீப்பாய் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னால் வந்து, இருக்கைக்கும் முன்பலகைக்கும் நடுவில் அவனுடைய இடது காலை வைத்து நசுக்கியது. பாதை இப்படி என்பதால் ஆட்கள் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

கோபுரம் மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றது. நான்கு மணிக்கு ஒருங்கிணைப்பாளரின் ஜீப், பின்னிருக்கையில் பிளாஸ்டிக் விரித்து, இரண்டு பீப்பாய் டீசலோடு மலையேறியது.

வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் போட்ட அன்று மெக்கானிக் தனியாக உட்கார்ந்து ஹப்பைப் பார்த்தார். புதிய மூன்றும் வளைந்து, மரை மழுங்கி இருந்தன. பழைய மூன்றும் உடைந்திருந்தன. விரலை வைத்துத் தடவினார். மூன்றும் ஒரே இடத்தில், சம்மட்டி விழுந்த இடத்தில். அடிக்காமல் விட்டிருந்தால், ஐந்து பழையது ஒரு புதியது என்று மாட்டி அனுப்பியிருந்தால், அந்த மூன்றும் இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். இதை யாரிடம் கேட்பது?

விசாரணைக்குத் தலைவராக ஒருங்கிணைப்பாளரே நியமிக்கப்பட்டார். பாதுகாப்பைப் பற்றி அவரைவிட அதிகம் எழுதியவர் கம்பெனியில் கிடையாது. ஸ்டோர் கீப்பர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் குனிந்து உள்ளே போனபோது, மேசைமேல் மூன்று போல்ட்டுத் துண்டுகள் எண் ஒட்டி வரிசையாக இருந்தன.

"இதுல ரெண்டுல சம்மட்டி அடி இருக்கு. அப்புறம் வண்டியில உடைஞ்ச மூணுலயும் இருக்கு. கம்பெனிப் பொருளை நீங்களே அடிச்சிருக்கீங்க. அப்புறம் சரிபார்த்ததாக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"எதுக்கு அடிச்சேன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"எதுக்குங்கறது அபிப்பிராயம்." நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாதபோது அவர் முகம் எல்லா முகங்களையும்போல்தான் இருந்தது. பயந்திருந்தது. "பாருங்க, நாசவேலைன்னு எழுதினா போலீஸ் வரும். நான் அப்படி எழுத விரும்பல. டிரைவர் வளைவுல வேகமாப் போனதா எழுதினா விஷயம் இதோட முடிஞ்சுரும். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது. வாக்குமூலம் டைப் பண்ணி வச்சிருக்கேன். நீங்க சொந்தக்காரர். நீங்க சொன்னா கேப்பாரு."

மெக்கானிக் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டிருக்க வேண்டும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆறு கட்டில் போட்ட அறை. கடைசிக் கட்டிலில் அவன். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. மெக்கானிக்கின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தம்பிக்கு ஏதோ தெரிந்துவிட்டது. "அக்கா, கீழ போய் டீ வாங்கிட்டு வாயேன். இவங்க குடுக்கறது மாத்திரையைக் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கு."

அவள் போனாள்.

"சொல்லுங்க மாமா. ஏன் கழண்டுச்சு? நான் அடிவாரத்துல இறுக்கினேனே. நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் அடிச்ச எடத்துல உடைஞ்சிருக்கு."

அவன் கூரையில் சுற்றிய விசிறியைப் பார்த்தான். பிறகு அவருடைய சட்டைப்பையை.

"பையில என்ன பேப்பர்?"

மெக்கானிக் எடுத்தார். அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, இவரே வாசித்தார். வளைவில் அனுமதிக்கப்பட்டதைவிட வேகமாக ஓட்டியதாகவும், எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்கவில்லை என்றும், வாகனத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்றும். அந்த மலையில் பலகையே கிடையாது.

"இதுல நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"என்னை உள்ள வைப்பாங்க."

"போட்டா?"

"உனக்கு இனிமே அங்க வேலை இல்ல."

"ஒத்தக் காலை வச்சுக்கிட்டு க்ளட்ச்சை எதால மிதிக்கப்போறேன் மாமா, மூக்காலயா?" சிரிக்கப் பார்த்தான், உதடு கோணியது. "உங்களையும் உள்ள தூக்கிட்டா அக்கா என்னையும் பாக்கணும், கோர்ட்டுக்கும் ஓடணும். குடுங்க பேனாவை."

போடாதே என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கென்றுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார். கண் காகிதத்தின் மூன்றாவது வரியில் போய் நின்றது. "இங்க வலது பின்சக்கரம்னு அடிச்சிருக்கான்," என்றார்.

"அது இடது இல்ல?"

"இடதுதான்."

பேனாவை எடுத்து, 'வலது' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'இடது' என்று தெளிவாக எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். தலையணையை அட்டைபோல் பிடித்துக்கொண்டார். மச்சினன் முதலில் அங்கே போட்டான், பிறகு கீழே போட்டான்.

அவள் மூன்று டீயோடு திரும்பி வந்தாள். "என்ன பேப்பருங்க அது?"

"ஆபீஸ் பேப்பர்," என்றார் மெக்கானிக். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் பங்கு டீயை வாங்கிக்கொண்டார்.